கேம்பிரிட்ஜின் வரலாற்றுப் பாடமும் நம் திருச்சபை வரலாற்று வகுப்பும்

நிசேயா 325, கல்கெதோன் 451, விற்றன்பர்க் 1517 என ஆண்டுகளை மனனம் செய்து, அவற்றை விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டுக் குருத்துவப் பணிக்குச் செல்லும் மாணவரைக் குறித்து நாம் அடிக்கடி வருந்துகிறோம். குறை மாணவரிடம் மட்டுமன்று. வரலாறு எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்னும் வினாவுக்கு ஆசிரியராகிய நம்மிடமே தெளிவான விடை இல்லை. இவ்வினாவோடு நெடுங்காலம் போராடிய ஒரு பல்கலைக்கழகத்தின் கதையை இங்கே எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜில் இளங்கலை மாணவருக்கு வரலாறு தனிப்பாடமாக அமைந்த கதையில் போதகர்களுக்கும் பேராயர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

பழங்காலத்தில் அங்கே வரலாறு தனிப்பாடமாக இருக்கவில்லை. 1627இல் புரூக் பிரபு வரலாற்று விரிவுரைக்கென ஒரு பதவியை நிறுவினார். அதற்கு வந்த டச்சு அறிஞர் ஐசக் டோரிஸ்லாஸ், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை விளக்கத் தொடங்கினார். கொடுங்கோன்மையை எதிர்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் பொருள் அவருடைய பேச்சில் தொனித்ததாக அஞ்சினோர் முறையிட, விரைவிலேயே விரிவுரைகள் நின்றுபோயின. 1649இல் முதலாம் சார்லஸ் அரசன்மீது குற்றச்சாட்டு வரையப்பட்டபோது அதற்கு உதவியவர்களுள் இதே டோரிஸ்லாஸும் ஒருவர் என்பதை எண்ணினால், அஞ்சியவர்கள் முற்றிலும் காரணமின்றி அஞ்சினார்கள் என்று சொல்ல இயலாது! 1724இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் நவீன வரலாற்றுக்கு அரச பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். அரசாங்கப் பணிக்கு இளைஞரை ஆயத்தப்படுத்துவதே நோக்கம். ஆயினும் 1768முதல் 1771இல் இறக்கும்வரை அப்பதவியிலிருந்த கவிஞர் தாமஸ் கிரே ஒரு விரிவுரைகூட நிகழ்த்தவில்லை. தேர்வில் இடம்பெறாத பாடத்தை எவரும் தேடி வரமாட்டார்கள் என்பது அக்காலத்திலும் மெய்யாயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரலாறு முதலில் ஒழுக்கவியல் தேர்வின் ஒரு பகுதியாகவும், பின்பு சில ஆண்டுகள் சட்டத்தோடு இணைந்தும் இருந்தது. 1873இல் தனிப் பாடநெறி வகுக்கப்பட்டு, 1875இல் முதல் தேர்வு நடைபெற்றது. இவ்வகைத் தேர்வுக்கு அங்கே 'டிரைபாஸ்' என்று பெயர். பண்டைக்காலத்தில் வாதிடுவோர் அமர்ந்த முக்காலியிலிருந்து வந்த பெயர் என்பர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இறையியலுக்கும் தனித் தேர்வு தோன்றியது. ஆகவே திருச்சபை வரலாறு எந்த வீட்டுப் பிள்ளை, வரலாற்றுத் துறைக்கா இறையியல் துறைக்கா, என்னும் கேள்வி தொடக்கமுதலே இருந்தது.

பாடநெறியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் ராபர்ட் சீலி. 1865இல் கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றி 'எக்கே ஹோமோ' என்னும் நூலைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டுச் சபைகளில் பரபரப்பு ஊட்டியவர் இவரே. 1869முதல் 1895வரை அரச பேராசிரியராயிருந்த இவருக்கு வரலாறு அரசியல் அறிஞரின் பயிற்சிக்கூடம். கடந்தகாலத்தைக் கடந்தகாலத்துக்காகவே படிப்பதில் அவருக்கு ஆர்வம் குறைவு. அவருடைய வகுப்பில் வரலாறு பெரும்பாலும் அரசுகளின் வரலாறாயிற்று.

சீலிக்குப்பின் 1895இல் அப்பதவிக்கு வந்தவர் ஆக்டன் பிரபு. இளமையில் அவர் கேம்பிரிட்ஜில் சேர விரும்பியபோது மூன்று கல்லூரிகள் அவரை ஏற்க மறுத்தன. அவர் ரோமன் கத்தோலிக்கர் என்பதே காரணம். ஆகவே மியூனிக் நகரில் டோலிங்கரிடம் கல்வி பயின்றார். 1871இல் சமயச் சோதனைகள் சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னரே பல்கலைக்கழகத்தின் பட்டங்களும் பதவிகளும் எல்லாச் சபையாருக்கும் திறந்தன. தன்னை உள்ளே விடாத வாயிலில், ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் பேராசிரியராக அவர் நுழைந்தார். அவர் திட்டமிட்ட 'கேம்பிரிட்ஜ் நவீன வரலாறு' என்னும் பெருந்தொகுதியில், எழுதியவர் எந்நாட்டார், எச்சபையார் என்று வாசகர் கண்டுகொள்ளலாகாது என அவர் வற்புறுத்தினார். முதல் தொகுதி வெளிவந்த 1902ஆம் ஆண்டிலேயே, அதைக் காணாமல் மறைந்தார்.

ஆக்டனுக்கும் மாண்டெல் கிரைட்டனுக்கும் 1887இல் நிகழ்ந்த வழக்கே நமக்கு மிகவும் பயன்படுவது. நார்தம்பர்லாந்தில் கிராம ஆயராகப் பணியாற்றியபோதே போப்புகளின் வரலாற்றை எழுதத் தொடங்கிய கிரைட்டன், 1884இல் கேம்பிரிட்ஜின் முதல் 'டிக்சி' திருச்சபை வரலாற்றுப் பேராசிரியரானார். பின்னாளில் பீட்டர்பரோவுக்கும் அதன்பின் லண்டனுக்கும் பேராயரானார். அவருடைய நூலின் மூன்றாம், நான்காம் தொகுதிகள் வெளிவந்தபோது, அவரே ஆசிரியராயிருந்த ஆங்கில வரலாற்று ஏட்டில் மதிப்புரை எழுதுமாறு ஆக்டனைக் கேட்டார். ஆக்டனோ கடுமையாகத் தாக்கி எழுதினார். லூத்தரின் காலத்துக்கு முந்திய போப்புகளின் குற்றங்களைக் கிரைட்டன் மென்மையாகக் கடந்து செல்கிறார் என்பதே அவருடைய முறையீடு. உயர்ந்த பதவியில் இருந்தோரை எளியோரைவிடக் கண்டிப்பாகவே வரலாறு தீர்ப்பிடவேண்டும். காலம் வேறு, சூழல் வேறு என்னும் சாக்கு கொலைக்கும் சித்திரவதைக்கும் பொருந்தாது என்று அவர் வாதிட்டார். கிரைட்டனின் நிலை வேறு. பொறுப்பில் இருப்பவன் தன் காலத்தின் எண்ணங்களால் கட்டுண்டவன். அவன் ஏன் அப்படி நடந்தான் என விளக்குவதே வரலாற்றாசிரியரின் முதற்கடமை என்பது அவர் எண்ணம்.

இதிலுள்ள விந்தையைக் கவனியுங்கள். போப்புகளைக் கண்டித்தவர் கத்தோலிக்கர். பரிந்து பேசியவர் ஆங்கிலிக்கன் குரு. நம் மாணவர் எதிர்பார்க்கும் வரிசை தலைகீழாகிறது. தம்மைத் தாக்கிய மதிப்புரையைக் கிரைட்டன் தம் ஏட்டிலேயே வெளியிட்டார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவ்விருவரில் யார் சரி? 1931இல் இளைஞர் ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்ட் ஒரு சிறு நூலில் ஆக்டனை எதிர்த்தார். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கித்து வந்த இவர், புராட்டஸ்டண்டினர் லூத்தரை நவீன சுதந்தரத்தின் தந்தையாக்கும் வழக்கத்தைச் சாடினார். வெற்றி பெற்றவரின் கண்ணால் கடந்தகாலத்தைப் பார்ப்பது வரலாறன்று என்றார். 1948இல் இறையியல் துறை கேட்டுக்கொண்டதன்பேரில் மாணவர்முன் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் மறு ஆண்டில் 'கிறிஸ்தவமும் வரலாறும்' என்னும் நூலாயின. மனிதர் யாவரும் பாவிகள் என்று அறிந்த வரலாற்றாசிரியன் தன்னை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்திக்கொள்ளத் தயங்குவான் என்பது அவருடைய கருத்தின் சாரம். அவருக்குப்பின் 1968இல் அரச பேராசிரியரானவர் ஓவன் சாட்விக் என்னும் குரு. அதுவரை கிரைட்டன் வகித்த டிக்சி பதவியில் இருந்தவர். திருச்சபை வரலாறு எந்த வீட்டுப் பிள்ளை என்னும் பழைய கேள்விக்கு இந்நியமனம் ஒருவகை விடையாகும்.

பட்டர்ஃபீல்டின் பணிவு நம்மைக் கவர்கிறது. எனினும் அதில் நாம் முழுவதும் இளைப்பாற இயலாது. வேதாகமத்தின் இராஜாக்களின் புத்தகங்கள் ஒவ்வோர் அரசனையும் தீர்ப்பிட்டே கடக்கின்றன. சாமுவேலின் புத்தகமோ தாவீதின் குற்றத்தையும் நாத்தானின் கண்டனத்தையும் மறைக்காமல் கூறுகிறது. தவிரவும், நம் நாட்டில் இவ்வழக்கு ஏட்டளவில் நிற்பதன்று.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கைவிடப்பட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் திருவிருந்தில் சேர மறுத்துச் சபையைவிட்டு விலகினர். அதற்குமுன் பல்லாண்டுகள் ஆலயத்தில் தனித்தனி இருக்கைகளை மிஷனெரிமார் பொறுத்துவந்தனர். அவர்களுள் சுவார்ட்ஸ் ஐயரும் ஒருவர். பின்னரும் லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல், சாதி ஒரு சமுதாய வழக்கம், அது படிப்படியாகவே நீங்கும் என வாதாடினார். இவர் தமிழை ஆழமாகக் கற்று 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர். தமிழை நேசித்த ஒருவரே இவ்வாறு கருதியது ஏன் எனக் கிரைட்டன் வழியில் கேட்கவேண்டும். அப்பொறுமையின் விலையைக் கொடுத்தவர் யார், தனி இருக்கையில் அமர்த்தப்பட்டவர் யார் என ஆக்டன் வழியில் கேட்கவேண்டும். நம் வகுப்பறைக் குறிப்புகள் பலவும் இரண்டையும் கேளாமல், ஆண்டைமட்டும் சொல்லி அடுத்த தலைப்புக்குச் செல்கின்றன. நம்முன் அமர்ந்திருப்போருள் இரு சாராரின் சந்ததியாரும் இருப்பதால் அவ்வாறு செய்கிறோம் என்று நாம் ஐயுறுகிறோம்.

கேம்பிரிட்ஜின் வரலாற்றில் நமக்கு உதவும் இன்னொன்றும் உண்டு. அங்கே பெண்கள் 1948வரை முழுப் பட்டம் பெற இயலாதிருந்தது, தேர்வுமட்டும் எழுதினர். அவ்வாறு கர்ட்டன் கல்லூரியில் வரலாறு பயின்ற ஐலீன் பவர், இடைக்கால ஆங்கிலப் பெண் துறவியரைப் பற்றி 1922இல் பெருநூல் எழுதினார். பேராயர்கள் மடங்களைப் பார்வையிட்டு எழுதிவைத்த பதிவேடுகளே அவருக்கு முதன்மைச் சான்று. கண்டிப்பதற்காகக் குறிக்கப்பட்ட சிறு குற்றங்களிலிருந்தே அப்பெண்களின் உணவு, கடன், சச்சரவு யாவும் வெளிப்பட்டன.

நம் சேகரங்களிலும் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளும் சபைக் குறிப்புகளும் கறையானுக்கு எஞ்சிக் கிடக்கின்றன. தரங்கம்பாடி மிஷனெரிமாரின் கடிதங்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலேயில் பாதுகாக்கப்படுகின்றன. சென்னை குருகுலத்திலும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் ஆவணக் காப்பகங்கள் உண்டு. இளங்கலை இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் இறுதியாண்டில் ஒரு சேகரத்தின் ஐம்பதாண்டுப் பதிவேட்டை வாசித்து ஒரு கட்டுரை எழுதட்டும். அதற்கு இடம் தர, ஒரு தேர்வுத்தாளைக் குறைத்தாலும் தவறில்லை. பெயர்களுக்கு அருகே சாதி குறிக்கப்பட்ட பக்கங்களை அவர்கள் காண நேரிடும். அக்கட்டுரையைச் சேகரக் குழுவின்முன் வாசிக்கலாமா என்று மாணவர் கேட்பர். வாசிக்கலாம் என்றே நாம் சொல்வோம்.