ஆர்கானும் ஓர் அடிக்குறிப்பும்

இந்தத் தடவை கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது. நாம் பிழைக்க வந்த இந்த பெங்களூருக்கும் இந்தக் கதையில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

ஓர் அணு எவ்வளவு பெரிசு? ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. எலக்ட்ரான்களை அதன்மேல் எறிந்து, எத்தனை விலகி ஓடுகின்றன என்று எண்ணலாம். இருட்டில் பந்தை எறிந்து, எதிரே தூண் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரிதான்.

ஜெர்மனியின் கார்ல் ராம்சவர் இதைச் செய்தார். புற ஊதா ஒளியை உலோகத் தகட்டில் விழவைத்து எலக்ட்ரான்களைக் கிளப்பினார். காந்தப்புலத்தால் வட்டமாக வளைத்து, குறுகிய துளைகள் வழியே ஒரே வேகத்தில் வருபவற்றை மட்டும் பிரித்தெடுத்தார். பாதையில் ஆர்கான் வாயுவை நிரப்பி, எத்தனை தொலைகின்றன என்று அளந்தார்.

மெதுவாக வரும் எலக்ட்ரானை அணு சுலபமாகத் திசைதிருப்பிவிடும் என்பது அன்றைய கணக்கு. 1921-ல் கிடைத்த விடை தலைகீழ்! ஆற்றல் ஓர் எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு இறங்கியபோது, ஆர்கான் அணு எலக்ட்ரானுக்குச் சுருங்கிக்கொண்டே போனது. ஏதோ அணுவே அங்கு இல்லாத மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டில் டவுன்செண்டும் பெய்லியும் வேறு முறையில் அளந்தார்கள். அங்கேயும் அதே கதை.

1925-ல் எல்சாஸர் என்ற 21 வயது மாணவர், கோட்டிங்கனில் இருந்துகொண்டு, எலக்ட்ரானை அலையாகப் பார்த்தால் இது புரியும் என்று எழுதினார். அணுவுக்குள் புகுந்த அலை, எதுவுமே நடக்காததுபோல் வெளியலையோடு ஒத்திசைந்து வெளியேறலாம் அல்லவா? 1929-ல் நார்வேக்காரர் ஹோல்ட்ஸ்மார்க் ஆர்கானுக்கு முழுக் கணக்கும் போட்டார். அளவீட்டோடு பொருந்தியது.

இடையில் 1926-ல், அதே கோட்டிங்கனில் மாக்ஸ் போர்ன் அணுவில் மோதும் எலக்ட்ரானுக்குக் கணக்கு எழுதினார். அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் போக எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்லலாம் என்றார். அந்த வாய்ப்பு அலையின் அளவுக்கு அல்ல, அதன் வர்க்கத்துக்குத்தான் பொருந்தும் என்ற முக்கியமான விஷயத்தை ஓர் அடிக்குறிப்பில் சேர்த்தார். குவாண்டம் இயற்பியல் முழுக்க அந்த அடிக்குறிப்பின்மேல்தான் நிற்கிறது. நோபல் பரிசு வந்ததோ 1954-ல்!

அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. 1933-ல் நாஜிகள் யூதர் என்பதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கேம்பிரிட்ஜில் கிடைத்தது தற்காலிக வேலைதான். நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன் அழைக்க, 1935-ல் மனைவியோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். நிரந்தர வேலை கொடுக்க ராமன் பாடுபட்டார். சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாந்தர ஆள் என்று கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பேசியதை போர்ன் பின்னாளில் எழுதியிருக்கிறார். வேலை அமையவில்லை. 1936-ல் எடின்பரோ போய்விட்டார்.

'வெளியூர்க்காரன்' என்ற சொல் நமக்கும் புதுசில்லை. ஆனால் தீபாவளிக்கு ரயிலேறினால் நமக்கு ஓர் ஊர் இருக்கிறது. போர்னுக்கு அன்று அதுவும் இல்லை.

உங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் ஆர்கான்தான். பிள்ளைகளுக்கு நிகழ்தகவுப் பாடம் எடுக்கும்போது அதைக் காட்டி இந்தக் கதையையும் சொல்லுங்கள்.