பேன்கேக் பொங்கிய வரலாறு

பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே மாவு கலந்து பேன்கேக் சுட்டேன். பேக்கிங் பவுடர் சேர்க்க மறந்தமையால் அது தட்டையாக வந்தது. “அம்மா, இது தோசைதானே?” என்று மகள் சிரித்தாள். அச்சிரிப்பே என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

முற்காலத்தில் மாவை உப்பச் செய்ய ஈஸ்டையோ நன்கு அடித்த முட்டையையோ நம்பியிருந்தனர். 1796இல் வெளிவந்த அமெரிக்கச் சமையல் நூலொன்றில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் இடம்பெற்றது. 1843இல் பர்மிங்காம் நகர மருந்தாளர் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகச் சமையல் சோடாவையும் டார்டாரிக் அமிலத்தையும் கலந்தார். ஈரத்தால் கெடாதிருக்க மாப்பொருளும் சேர்த்தார். நீர் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். சூட்டில் அக்குமிழிகள் விரிந்து மாவை உயர்த்தும்.

ஒருவர் உண்ண இயலாததை எண்ணி மற்றவர் கொண்ட அக்கறையே அத்தூளாயிற்று. மறுநாள் ஒரு தேக்கரண்டி சேர்த்தேன். பேன்கேக் பஞ்சாய் எழுந்தது.