தாளாளரின் உரிமை, குழந்தையின் உரிமை: 1957 கேரளக் கல்வி மசோதா குறித்து ஒரு கிறித்தவ மறுவாசிப்பு

பொதுவுடைமை அரசின் கீழ் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கேட்டால், கிறித்தவர்கள் வழக்கமாக இரண்டு சான்றுகளைக் காட்டுவார்கள். 1918இல் சோவியத் அரசு பள்ளியைத் திருச்சபையிடமிருந்து பிரித்து, அங்கு மறைக்கல்விக்குத் தடை விதித்தது. 1948இல் ஹங்கேரி திருச்சபைப் பள்ளிகளை நாட்டுடைமையாக்கியது. அதை எதிர்த்த கர்தினால் மிண்ட்சென்டி அவ்வாண்டு இறுதியில் கைதானார். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, அங்குள்ள கத்தோலிக்கர்களின் மனத்தில் இருந்தவை இந்த முன்நிகழ்வுகளே. அந்த அச்சத்தில் பாதி நியாயமானது. மறுபாதி கிறித்தவச் சமூகப் போதனைக்கே முரணானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கேரள மசோதாவைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சூர் புனித தோமா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மசோதாவில் மறைக்கல்விக்குத் தடை இல்லை. அதன் சர்ச்சைக்குரிய பிரிவுகள் இருவகைப்பட்டவை. முதல் வகை ஆசிரியர் நலன் சார்ந்தது: உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும், அரசுத் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்தே, இடஒதுக்கீட்டுடன், ஆசிரியரை நியமிக்க வேண்டும். இரண்டாம் வகை, பள்ளியை அரசே எடுத்துக்கொள்ளும் அதிகாரம்.

குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் 1958 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தது. எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் அரசியலமைப்பின் 30(1) உறுப்பு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையை அழித்துவிடும் என்றது. சம்பளம், நியமனம் பற்றிய பிரிவுகள் அவ்வுரிமைக்குள் வெகுதூரம் ஊடுருவுவதை ஒப்புக்கொண்டபோதும், உதவித்தொகைக்கான நிபந்தனை என்ற அளவில் அவற்றை ஏற்றது. நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்பது அத்தீர்ப்பு விட்டுச்சென்ற நெறி.

அரசுக்கு எதிராக எழுந்த விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை. நாயர் சேவை சங்கத்தின் மன்னத்து பத்மநாபனும் கத்தோலிக்க ஆயர்களும் ஒரே அணியில் நின்றனர். கல்விச் சட்டத்தோடு நில உறவு மசோதாவும் அவர்களை இணைத்தது. 1959 ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. தேர்வாணைய நியமனப் பிரிவும் பின்னர் நீக்கப்பட்டது.

அரசுத் தலையீட்டைக் கிறித்தவர்கள் வேறு விதமாகவும் அணுகியதற்குத் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்ட வரலாறு ஒரு மாற்றுச் சான்றைத் தருகிறது. 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹியர் பறையர்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, அம்மக்களுக்கு நிலமும் கல்வியும் கிடைக்க அரசு தலையிட வேண்டும் என்று வலியுறுத்தினார். மிராசுதார்களோ தங்கள் பரம்பரை உரிமையைக் காட்டி எதிர்த்தனர். அன்று மிஷன், ஏழையின் பொருட்டு அரசை உள்ளே அழைத்தது. 1959இல் கேரளத் திருச்சபை, உடைமையாளர்களோடு சேர்ந்து அரசை வெளியே நிறுத்தியது. அதே 1891இல் வெளிவந்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் நியாயமான கூலியைத் தொழிலாளியின் உரிமை என்கிறது. தாளாளரின் தயவில் இருந்த ஆசிரியருக்கு முழுச் சம்பளம் உறுதிசெய்த ஒரு பிரிவை அந்தப் போதனையின் துணைகொண்டு எதிர்க்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆசிரியரைத் தெரிவுசெய்யும் உரிமை போனால் பள்ளியின் தனித்தன்மையும் போகும். குழந்தையின் கல்வியில் முதல் உரிமை பெற்றோருக்கே என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1929இல் கற்பித்தது ஏட்டளவில் நின்றுவிடும். 1974இல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் நிர்வாக உரிமைக்கு வலுச்சேர்த்தது. ஆனால் விவாதம் அங்கே முடியவில்லை. மேற்கு வங்க இடதுசாரி அரசு 2008இல் மதரசா ஆசிரியர்களை ஆணையம் வழியே தெரிவுசெய்யச் சட்டம் இயற்றியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தனித்தன்மை பாடத்திலும் பண்பாட்டிலும் இருக்கிறது; எல்லாப் பணியிடத்தின் நியமனத்திலும் அல்ல என்பதே அதிலிருந்து பெறத்தக்க கருத்து.

இன்றைய செங்கற்பட்டு மறைமாவட்டத்திலும் இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. தமிழ்நாட்டின் உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. அந்நியமனங்களில் உரிய பங்கு கேட்டுத் தலித் கிறித்தவர்கள் நெடுங்காலமாகத் தங்கள் திருச்சபையிடமே முறையிட்டு வருகிறார்கள். 30ஆவது உறுப்பைக் காட்டி அரசுக்குப் பதில் சொல்லிவிடலாம். அவர்களுக்கு அந்தப் பதில் போதாது. பணியிட விவரங்களை வெளியிட்டு, ஒளிவுமறைவற்ற தெரிவுமுறையையும் தலித்துகளுக்கான ஒதுக்கீட்டையும் மறைமாவட்டங்கள் தாமாகவே ஏற்கும்போது, அரசு பள்ளியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அவற்றின் வாதமும் கூடுதல் நியாயம் பெறும்.