மலையேறிய மிதிவண்டிகள்

போர் வரலாற்றைப் பயிலும் மாணவர், தளபதிகளின் பெயர்களையும் வெற்றி தோல்விகள் நிகழ்ந்த ஆண்டுகளையும் எளிதில் மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். களத்தில் நின்ற வீரனுக்கு அரிசி எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. வியட்நாமின் வடமேற்கு மலைப்பகுதியிலுள்ள தியன் பியன் பூவில் 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த போரைப் பொறுத்தவரை, அவ்வினாவுக்கு விடை காணாமல் வெற்றியின் காரணத்தை அறிதல் இயலாது.

1953ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பிரெஞ்சு வான்குடைப் படையினர் அப்பள்ளத்தாக்கில் இறங்கினர். ஹனோய் நகரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், லாவோஸ் எல்லையை அடுத்துள்ள இடம் அது. தமக்கு வேண்டிய உணவையும் வெடிமருந்தையும் வானூர்திகள் கொணரும் என அவர்கள் நம்பினர். எதிரிகளான வியட்மின் படையினரோ, காடும் மலையும் கடந்து பெரும்படைக்குரிய உணவையும் பீரங்கிகளையும் நெடுநாள் கொண்டுவருதல் அரிது என்பது தலைமைத் தளபதி நவாரின் கணிப்பு. வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் பாரம் ஏற்றிய வண்டியின் அச்சை உவமையாக எடுத்தாண்டுள்ளார். தன் வலியோடு பகைவரின் வலியையும் எடைபோட வேண்டும் என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் பாடங்களுள் ஒன்று. பிரெஞ்சுத் தளபதிகள் தவறியது அந்த எடைபோடுதலிலேயாகும்.

வியட்மின் படைத்தலைவர் ஜெனரல் ஜியாப், மக்களையே வழங்கல் படையாக்கினார். 260,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுமைப்பணியில் ஈடுபட்டதாகவும், ஏறத்தாழ 20,000 மிதிவண்டிகள் பயன்பட்டதாகவும் வியட்நாமிய வரலாற்றேடுகள் குறிக்கின்றன. லாரிகளும் படகுகளும் குதிரைகளும் இப்பணியில் பங்கு கொண்டன. எனினும், லாரி செல்ல இயலாத ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டியே பெருந்துணையாயிற்று.

இதன் சிறப்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நாம் காவடி என்று சொல்லும் அமைப்பைப் போன்றே, வியட்நாமிய உழவரும் தோள்மேல் தடியை வைத்து அதன் இருபுறமும் சுமையைத் தொங்கவிட்டு நடப்பர். அவ்வாறு ஒருவர் 25 கிலோ அரிசி சுமக்கிறார் எனக் கொள்வோம். களத்திற்குச் செல்லப் பத்து நாள், திரும்பப் பத்து நாள். நாளொன்றுக்கு அவருக்கு வேண்டும் உணவு ஒரு கிலோ. அவர் உண்டது போகக் களத்தைச் சேர்வது 5 கிலோவே. அதே மனிதர் மிதிவண்டியில் 200 கிலோ கொண்டு சென்றாலோ, 180 கிலோ வீரர்களுக்குக் கிடைக்கும். சுமை எட்டு மடங்கே கூடியது. பயனோ முப்பத்தாறு மடங்காகப் பெருகியது. சுமப்பவனும் உண்ண வேண்டும் என்னும் எளிய உண்மையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

எனினும், கடையில் வாங்கிய மிதிவண்டி அவ்வளவு பாரத்தை அப்படியே தாங்கிவிடாது. எனவே மக்கள் அதனைத் திருத்தி அமைத்தனர். சட்டத்தை மரத்தாலும் இரும்பாலும் மூங்கிலாலும் வலுப்படுத்தினர். டயர் விரைவில் கிழியாதிருக்கப் பழந்துணியையும் பழைய டியூப்பின் துண்டுகளையும் உள்ளே சுற்றினர். கைப்பிடியின் ஒரு பக்கத்தில் நீண்ட மூங்கிலைக் கட்டினர். இருக்கைக்குப் பின்னால் மற்றொரு கோலை நிமிர்த்தி நட்டனர். முன்னதைப் பிடித்துத் திசை திருப்பவும், பின்னதைப் பற்றி வண்டியைச் சாயாமல் தள்ளவும் இயன்றது. ஏறி மிதிப்பதற்குரிய வண்டி, நடந்து தள்ளுவதற்குரிய வண்டியாக மாறிற்று. மூட்டைகள் இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு கட்டப்பட்டன. ஏற்றத்தில் இருவர் மூவர் கூடி ஒரு வண்டியை இழுத்தும் தள்ளியும் சென்றனர். இறக்கத்தில் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தனர். வானூர்திகளின் கண்ணுக்குத் தப்ப, பயணம் பெரும்பாலும் இரவிலேயே நடந்தது. தொடக்கத்தில் நூறு கிலோ அளவில் இருந்த பாரம் நாளடைவில் இருநூறு, முந்நூறு என உயர்ந்தது. ஒருவர் ஒரே தடவையில் 352 கிலோ கொண்டு சென்றது சாதனையாகப் போற்றப்படுகின்றது. இவ்வண்டிகளுள் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் வண்டிகளும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மார்ச் 13ஆம் நாள் மாலை, இயலாது எனக் கருதப்பட்ட பீரங்கிகள் மலைச்சரிவுகளிலிருந்து முழங்கின. விரைவில் வானூர்தி இறங்கும் தளமும் பயனற்றுப் போயிற்று. 56 நாள்களுக்குப் பின், மே 7ஆம் நாள் பிரெஞ்சுப் படைத்தளம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவா உடன்பாடு கண்டது.

இவ்வரலாற்றைப் படிக்கும் நாம், மிதிவண்டியை விடுதலையின் சின்னமாக மட்டும் கொண்டுவிடுதல் பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஊர்தி மலாயாவிலும் போர்க்கருவியாக வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அப்படையினருள் ஆயிரக்கணக்கானோர் ஆயுதங்களோடு மிதிவண்டியில் விரைந்தனர். பாலம் தகர்ந்த இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் கிழிந்தபோது வெறும் சக்கரத்தோடே ஓட்டினர். அவர்கள் விரைந்த சாலைகள் பலவற்றில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை சிந்தியிருந்தது. அவ்வெற்றியின் விளைவாகவே நம்மவர் பல்லாயிரவர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. ஆக, கருவிக்குத் தனியே அறமும் இல்லை, மறமும் இல்லை. அதனைப் பற்றிய கையும், அக்கையை இயக்கிய நோக்கமுமே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றன.

தியன் பியன் பூவில் மூட்டை தள்ளிய உழவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. ஜியாப்பின் பெயர் இருக்கின்றது. நவாரின் பெயரும் இருக்கின்றது. வகுப்பறையில் இப்போரைக் கற்பிக்கும் ஆசிரியர், மேலே கண்ட அரிசிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி மாணவரையே போடச் செய்தல் நன்று. ஐந்து கிலோவுக்கும் நூற்றெண்பது கிலோவுக்கும் இடையிலுள்ள தொலைவை இரவுதோறும் நடந்து கடந்தவர் யார் என்று அடுத்து வினவினால், வரலாற்றை இயக்கியவர்களுள் அவர்களும் உண்டு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.