பைண்ட் என்ன விலை?

2017 ஜனவரியில் மான்செஸ்டரின் கிளவுட்வாட்டர் ப்ரூவரி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி காஸ்க்கில் பியர் தரப்போவதில்லை. தொடங்கி இரண்டே வருடமான கம்பெனி அது. ஆனால் அவர்களுடைய டபுள் ஐபிஏ ஒவ்வொரு பதிப்பாக வரும்போதும், பிரிட்டனின் கிராஃப்ட் பியர் ரசிகர்கள் எந்த பாரில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போய் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து இப்படி ஒரு முடிவு வந்ததும் பலர் கொதித்துப்போனார்கள்.

காஸ்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், கடைசிக் கட்ட நொதித்தல் பப்பின் நிலவறையில்தான் முடியும். வெளியிலிருந்து வாயு செலுத்தாமல் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்தபின் மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்க்கவில்லை என்றால் புளிக்கத் தொடங்கிவிடும். கெக் அப்படியில்லை. மூடிய உலோக உருளை, வாயு அழுத்தம், வாரக்கணக்கில் தாங்கும். ஆக, காஸ்க்கில்தான் வேலை அதிகம், வீணாவதும் அதிகம். விலை மட்டும் கெக்கைவிடக் குறைவு! கிளவுட்வாட்டர் சொன்ன காரணங்களில் முக்கியமானது அதுதான். அதே ஹாப்ஸ், அதே மால்ட், அதே ஆட்கள். காஸ்க்கில் ஊற்றினால் மட்டும் வாங்குகிறவர் இவ்வளவுக்கு மேல் தரமாட்டார்.

ஏன் தரமாட்டார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, முந்நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுத்த பியர்தான் ராஜா. மூட்டை தூக்குகிறவர்களின் பானம், அதனால் அந்தப் பெயர். ஒரு குவார்ட், அதாவது இரண்டு பைண்ட், 3 பென்ஸ். ஏறக்குறைய நாற்பது வருடம் அந்த விலை அசையவில்லை. எங்கள் தொழிலில் இதை ஹார்ட்கோட் செய்வது என்போம். யாரோ ஒருவர் ஒரு எண்ணைக் கோடில் நேரடியாக எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்த எண்ணைத் தொட எல்லோருக்கும் பயம். சுற்றியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் வளைத்து அந்த எண்ணைக் காப்பாற்றுவார்கள்.

போர்ட்டரின் பிறப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சியம் ஒன்று 1760ல் லண்டன் குரோனிக்கிள் இதழில் வந்த ஒரு கடிதம். ஒபதையா பவுண்டேஜ் என்ற பெயரில், ப்ரூவரியில் காலம் முழுக்க உழைத்த ஒரு வயதான குமாஸ்தா எழுதியதுபோல் அமைந்தது. வரி எப்போது ஏறியது, மக்கள் எதிலிருந்து எதற்கு மாறினார்கள், போர்ட்டர் எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்வார். பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலரும் அந்தக் கடிதத்தின் மேல்தான் கட்டிடம் கட்டினார்கள். ஆனால் அது வரலாறு சொல்லவென்று எழுதப்பட்டதல்ல. விலையை ஏற்ற விடுங்கள் என்று கேட்கத்தான் தாத்தா இத்தனை கதை சொல்கிறார். பியர் வரலாற்றின் முக்கியமான ஆவணமே ஒரு விலை உயர்வு மனு என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அடுத்த வருடமே, ஏழாண்டுப் போரின் செலவுக்காக, பீப்பாய்க்கு 3 ஷில்லிங் வரி கூடியது. குவார்ட் விலை மூன்றரை பென்ஸ் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பீப்பாய் 36 கேலன், 144 குவார்ட். 3 ஷில்லிங் என்பது 36 பென்ஸ். குவார்ட்டுக்கு வரும் கூடுதல் வரி வெறும் கால் பென்னி. ஏறியதோ அரை பென்னி. மிச்சம் கால் பென்னி ப்ரூவருக்கும் பப்காரருக்கும். அவர்கள் மோசடி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருடம் ஏற்றாமல் வைத்திருந்த பழைய பாக்கி அதில் இருந்தது.

விலையை ஏற்ற முடியாத காலத்தில் ப்ரூவர்கள் வேறு இடத்தில் கை வைத்தார்கள். 1784ல் ஜான் ரிச்சர்ட்சன் சாக்கரோமீட்டரை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஊறலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று மிதவையைப் போட்டு அளக்கும் கருவி. அதுவரை போர்ட்டர் முழுக்க பழுப்பு மால்ட்டில் செய்தார்கள், மூட்டை விலை குறைவு என்பதால். அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வெளிர் மால்ட் மூட்டைக்கு விலை கூடுதல், ஆனால் அதிலிருந்து இறங்கும் சர்க்கரை அதைவிடக் கூடுதல். எல்லோரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். இப்போது பியர் கறுப்பாக இல்லையே! நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரையும் வேறு என்னென்னவோவும் சேர்த்தார்கள். 1816ல் அதைச் சட்டம் தடுத்தது. 1817ல் டேனியல் வீலர் மால்ட்டைக் காப்பிக்கொட்டைபோல வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஸ்டவுட்டில் வரும் அந்தக் காப்பிக் கசப்பு இருக்கிறதே, அதன் வேர் இந்தச் சிக்கன வேலையில்தான். வாடிக்கையாளர் அதே காசுதான் கொடுத்தார். கோப்பைக்குள் இருந்த பானம் வேறாகிவிட்டது.

இன்றைய கிராஃப்ட் பார்களின் செல்லப்பிள்ளை ஐபிஏவின் கதையும் ஒரு விலைச் சண்டைதான். நீண்ட கடல் பயணத்தைத் தாங்கவென்றே ஒருவர் கண்டுபிடித்த பியர் என்று எல்லா மெனு அட்டையிலும் போட்டிருப்பார்கள். மார்ட்டின் கார்னெல் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் கதையைப் பிரித்துப் போட்டுப் பல வருடமாகிறது. உண்மைக் காரணம் இன்னும் சாதாரணமானது. ஹாட்ஜ்சன் குடும்பத்தின் ப்ரூவரி லண்டனின் கிழக்கில் போ பகுதியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடம் பக்கம். மதராஸ், கல்கத்தா போகும் அந்தக் கப்பல்களின் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஹாட்ஜ்சன் அவர்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கடன் கொடுத்தார். பிறகென்ன, கேப்டன்கள் அவரிடமே வாங்கினார்கள்.

1820களின் தொடக்கத்தில் அடுத்த தலைமுறை ஹாட்ஜ்சன் கேப்டன்களைக் கழற்றிவிட்டுத் தானே கப்பலில் ஏற்றி விற்கத் தொடங்கினார். கடன் கிடையாது, கையில் காசு. விலையும் ஏறியது. போட்டியாளர் சரக்கு வருகிறது என்று தெரிந்தால் சந்தையைத் தன் பியரால் நிரப்பி விலையை விழவைப்பார். அவர்கள் நஷ்டப்பட்டு ஒதுங்கியதும் மறுபடி ஏற்றுவார். வங்காளத்து வியாபாரிகள் இதைப் பற்றிப் புலம்பியது பதிவாகியிருக்கிறது. கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ் கடைசியில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப்பிடம் போய், இதேபோல் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். பர்ட்டனின் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாக, சுத்தமாக விழும். காப்பியடிக்கப் போனவருடைய பியர், அசலைவிட நன்றாக அமைந்துவிட்டது. ஹாட்ஜ்சனின் ஆட்டம் அதிக நாள் நிலைக்கவில்லை.

இதற்கிடையில் பைண்ட் என்ற அளவே 1824ல்தான் சட்டமாக ஒருநிலைப்பட்டது. 568 மில்லி. அமெரிக்கர்களுடையது 473 மில்லி. இரண்டு நாட்டு விலையை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் இதை முதலில் கவனிக்கலாம்.

1880ல் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை எடுத்துவிட்டு, ஊறலின் அடர்த்தி மேல் வரி போட்டார். பியர் எவ்வளவு கனமோ அவ்வளவு வரி. முதல் உலகப்போர் வந்ததும் இதன் விளைவு தெரிந்தது. 7 ஷில்லிங் 9 பென்ஸாக இருந்த பீப்பாய் வரி 1914 நவம்பரில் 23 ஷில்லிங், 1920ல் 100 ஷில்லிங். தானியத் தட்டுப்பாடு வேறு. பியரின் சராசரி அடர்த்தி 1052ஐ ஒட்டி இருந்தது, போர் முடிவில் 1030 பக்கம் இறங்கிவிட்டது. 1917ல் அரசாங்கமே விலையையும் கட்டியது. 1036க்குக் கீழ் பைண்ட் 4 பென்ஸ், 1042 வரை 5 பென்ஸ். ஆனால் கட்டுப்பாடு பப்ளிக் பாருக்கு மட்டும்.

இதை விளக்க வேண்டும். பழைய ஆங்கிலேயப் பப்பில் இரண்டு வாசல் இருக்கும். பப்ளிக் பார் தொழிலாளிக்கு. மரத்தரை, மரப்பெஞ்சு. சலூன் பார் கொஞ்சம் வசதியானவருக்கு. கம்பளம், மெத்தை இருக்கை. ஒரே பீப்பாயிலிருந்து வரும் ஒரே பியர், அந்தப் பக்கம் போனால் பென்னி கூட. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. கம்பளத்துக்குக் காசு தருகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பின்னால் சுவர்களை இடித்து ஒரே ஹாலாக்கினார்கள். வகுப்புப் பிரிவினை போனது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. மலிவான பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனதும் அதே நாளில்தான். இன்றைய கிராஃப்ட் பாரில் சுவர் இல்லை, கரும்பலகை மட்டும் இருக்கிறது. கரும்பலகையைப் படித்துவிட்டு வெளியே போய்விடுகிறவர் எந்த வாசலைத் தேடிப் போகிறார் என்று கேட்க ஆளில்லை.

1971ல் அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் காம்ரா இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் காஸ்க்கை ஒழித்துவிட்டு வாட்னீஸ் ரெட் பேரல் மாதிரியான சப்பென்ற கெக் பியரை நாடு முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்த காலம். அந்த கெக்கின் விலையும் கூடுதல். காஸ்க்கைக் காப்பாற்றியது காம்ராதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்ல பியர் என்றால் நியாய விலைப் பியர் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. உறுப்பினர் அட்டையோடு வெதர்ஸ்பூன் சங்கிலிப் பப்புகளுக்கான 50 பென்ஸ் கூப்பன்களும் வந்தன. போர்ட்டரின் 3 பென்ஸ் மாதிரி, காஸ்க்குக்கு மேல் ஒரு கூரை விழுந்துவிட்டது. மக்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. அந்தக் கூரையைத் தாங்கி நின்றவர்கள் சின்ன ப்ரூவரியில் டேங்க் கழுவுகிறவர்களும் நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவர்களும். அவர்கள் சம்பளத்திலிருந்துதான் அந்த 50 பென்ஸ் வந்தது என்பது என் கணிப்பு.

2002ல் சிறிய ப்ரூவரிகளுக்கு வரியில் பாதி வரை தள்ளுபடி வந்தது. ப்ரூவரிகள் முளைத்தன. அவர்கள் கெக்கைக் கையில் எடுத்தார்கள், அதன் மேல் கூரை கிடையாது. 2011ல் மூன்றில் இரண்டு பங்கு பைண்ட்டும் சட்டப்பூர்வ அளவானது. பலகையில் அந்தச் சிறிய அளவின் விலையைப் போட்டால் பைண்ட் விலை கண்ணில் படாது. கெட்டிக்காரத்தனம்தான். 8 சதவீத ஆல்கஹால் உள்ளதைக் குறைவாகக் குடிப்பது நல்லது என்பதும் உண்மை.

சரி, அந்த டபுள் ஐபிஏ பைண்ட் ஏன் அவ்வளவு விலை? வரி என்பார்கள். 2023 ஆகஸ்டில் வந்த விகிதப்படி, பாரில் ஊற்றும் பியருக்குத் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 19.08 பவுண்ட். 4 சதவீதப் பைண்ட்டுக்கு ஏறக்குறைய 43 பென்ஸ், 8 சதவீதத்துக்கு 87 பென்ஸ். தள்ளுபடியைச் சேர்க்காமல் வித்தியாசம் சுமார் 43 பென்ஸ். இது பெரிதில்லையே? இங்கேதான் பெருக்கல் வருகிறது. பார்கள் விலை வைப்பது சதவீதத்தில். மொத்த லாபம் 60 சதவீதம் என்று வையுங்கள். அப்படியானால் வாங்கும் விலையை 0.4ஆல் வகுப்பார்கள், அதன் மேல் 20 சதவீத வாட். 43 பென்ஸ் உங்கள் கைக்கு வரும்போது 1 பவுண்ட் 29 பென்ஸ். ஹாப்ஸை இரண்டு மடங்கு போட்ட செலவும், டேங்க்கில் கூடுதலாகக் கிடந்த வாரங்களின் செலவும் இப்படியே பெருகும். ஆனால் விலை உயர்ந்த பியரை ஊற்ற பார்மேனுக்கு அதிக நேரம் ஆவதில்லை, வாடகையும் கூடுவதில்லை. சதவீதத்துக்குப் பதில் பைண்ட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வைக்கும் பார்களும் உண்டு. அரிதான பியரைக் குடிக்க நல்ல இடம் அதுதான். எந்த பார் எந்தக் கணக்கு என்று பலகையின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தாலே ஊகித்துவிடலாம்.

விலையை ஏற்றவே மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ப்ரூவரி 2005லிருந்து பல வருடம் பிப்ரவரிதோறும் பிளினி தி யங்கர் என்ற டிரிபிள் ஐபிஏவை ஊற்றியது. கோப்பை சில டாலர்தான், ஆளுக்கு மூன்று. மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள், விமானம் ஏறி வருகிறார்கள். 2013ல் அந்த இரண்டு வாரத்தால் உள்ளூருக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் வரவு என்று மாவட்டமே கணக்கெடுத்தது. ஓட்டல்காரருக்கும் டாக்ஸிக்காரருக்கும் போய்ச் சேர்ந்த பணம் அது.

பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரனில் புனித சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் நிலைமை இன்னும் சிக்கலானது. மடத்தை நடத்தத் தேவையான அளவே காய்ச்சுவார்கள், மடத்திலேயே விற்றுவந்தார்கள், மறுவிற்பனை கூடாது என்பார்கள். 2005ல் உலகின் சிறந்த பியர் என்று ஒரு ரசிகர் பட்டியலில் வந்ததும் தொலைபேசி ஓயவில்லை. உற்பத்தியைக் கூட்ட மறுத்தார்கள். 2012ல் மட்டும், கட்டிடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டுமென்று, ஆறு பாட்டிலும் இரண்டு கோப்பையும் கொண்ட பெட்டியை வெளிநாட்டில் விற்றார்கள். அமெரிக்காவில் அது 85 டாலர். 2018ல் ஒரு டச்சு சூப்பர் மார்க்கெட் அனுமதி இல்லாமல் பாட்டிலை 10 யூரோவுக்குச் சற்றுக் குறைவாக விற்றது. அப்போது மடத்து வாசலில் 2 யூரோகூட இல்லை.

2019ல் துறவிகள் தொலைபேசியை விட்டுவிட்டு இணையத்தில் முன்பதிவு முறை கொண்டுவந்தார்கள். பதிவு செய்த வாடிக்கையாளர்களில், கடைசியாக வாங்கி அதிக நாள் ஆனவருக்கு முன்னுரிமை. விலையும் கிடையாது, வரிசையில் முந்துவதும் கிடையாது. வண்டி எண்ணைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது பாட்டிலில் லேபிள் இருக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மூடியில் அச்சிட்டிருந்தார்கள்.