நெருப்பில்லாத பண்டசாலைகள்

குளிர்காலம் வருமுன் கட்டிடத்தை ஆயத்தஞ்செய்தல் வடநாட்டாரின் பழைய வழக்கம். சுவரின் இடுக்குகளை அடைப்பர்; விறகு சேர்ப்பர்; கணப்பைத் துப்புரவாக்குவர். நோர்வே நாட்டின் பேர்கன் துறைமுகத்திலே ஜேர்மன் வணிகர் கையாண்ட முறையோ வேறு.

1360 ஆம் ஆண்டளவில் ஹான்சா என்னும் வணிகர் கூட்டமைப்பு அங்கே தன் அலுவலகத்தை நிறுவியது. கடலை நோக்கிய முகப்புக்களோடு மரத்தாலான பண்டசாலைகள் நெருங்கி நின்றன. வடக்கே லொபோட்டன் தீவுகளில் உப்பிடாமல் குளிர்காற்றிலே உலர்த்திய கொட் மீன் அங்கு வந்து குவிந்தது. நம்மவர் கருவாடு உப்பையும் வெயிலையும் நம்பியது. அந்த மீனுக்குக் குளிரே உப்பு. அதற்கு மாற்றாகத் தானியம் வடக்கே சென்றது.

உலர்ந்த மீன், உலர்ந்த மரம், நடுவிலே ஒடுங்கிய சந்துகள். ஒரு தீப்பொறி போதும், அனைத்தும் சாம்பலாகிவிடும். ஆதலின் பண்டசாலைகளுள் அடுப்பு மூட்டுதலும் விளக்கேற்றுதலும் விலக்கப்பட்டன. பேர்கனின் குளிர், வடபுலத்துக் கணக்கிலே மிகக் கொடியதன்று. ஆனால் ஈரம் எலும்பு வரை ஊறும். டிசம்பர்க் கடைசியிற் பகல் ஆறு மணி நேரங்கூட நிறைவதில்லை.

வணிகர் கண்ட வழி, வெப்பத்தைச் சரக்கினின்றும் பிரித்துவைப்பது. பண்டசாலைகளின் பின்புறத்தே, சற்று விலகி, ‘ஷொட்ஸ்தூவ’ எனப்பட்ட பொதுக்கூடங்களை எழுப்பினர். கணப்பும் சமையற்கட்டும் அங்கேதான். குளிர்காலத்தில் உணவும் விருந்தும் தொழில் பயில வந்த சிறுவரின் பாடமும் அங்கே நடந்தன. மணஞ்செய்யத் தடைபெற்றிருந்த அவ்வாடவருக்கு அக்கூடமே இல்லம். இரவானதும் மீண்டும் குளிர்ந்த பண்டசாலைக்கே செல்லவேண்டும். பெட்டிபோன்ற கட்டில்களுள் உடல் வெம்மையைக் காத்து உறங்கவேண்டும். ஊழியரினும் மீனையே பெரிதாகப் பேணினர் என்று சொல்லத் தோன்றும். எனினும் பொறுப்பாளரும் அதே கட்டிடத்திலேயே உறங்கினார்.

இத்தனை காவலும் முழுப்பயன் தரவில்லை. 1702 ஆம் ஆண்டுப் பெருந்தீ நகரின் பெரும்பகுதியோடு பண்டசாலைகளையும் விழுங்கிற்று. அவற்றை மீண்டும் மரத்தாலேயே, பழைய அமைப்பிலேயே கட்டினர். ஹான்சா அலுவலகம் 1754 இல் மூடப்பட்டது. வாணிபம் நோர்வேயர் கைக்கு மாறிற்று.

1955 இல் மற்றொரு தீ எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை அழித்தது. வெறுமையான அந்நிலத்தை அஸ்பியோர்ன் ஹேர்ட்டெய்க் என்னும் தொல்லியலாளர் அகழ்ந்தார். பழைய தீக்களின் கரிப்படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்பட்டன. அக்கரியைக் கொண்டே, அவற்றிடையே புதைந்திருந்த கட்டிடங்களின் காலத்தை அவர் கணித்தார்.