உத்திரமேரூர்த் தெரு வீடுகள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் கோயில் தெருக்களிலும் அக்ரகாரத்திலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் எஞ்சியுள்ள, திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய குடியிருப்புகள் இப்பெயரால் இங்கே குறிக்கப்படுகின்றன. ஊர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலும், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலும் உள்ளது. குடத்தில் ஓலையிட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டால் ஊரின் பெயர் உலகறிந்தது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பேருந்து நிலையத்தருகே இறங்கி, கல்வெட்டுள்ள மண்டபத்தைச் சுற்றிவந்து திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல்வெட்டே வீட்டைப் பற்றியும் பேசுகிறது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

வீடும் வாக்கும்

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், கி.பி. 750-ஐ ஒட்டி, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர் இது. ஊரின் நடுவில் சபை கூடும் மண்டபம், அந்த நடுவைக் கணக்கில் கொண்டு திசைவாரியாகக் கோயில்கள் என்று ஆகம முறைப்படி மனைபோட்டு எழுப்பப்பட்டது இவ்வூர் என்பதை பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவர்களுடைய நூல் 1970-இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. சபை கூடிய இடம் இன்று வைகுண்டப் பெருமாள் கோயில்.

அதன் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (919, 921) ஊரை 30 குடும்புகள் என்ற பகுதிகளாகவும் 12 சேரிகளாகவும் காட்டுகின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டியவருக்கான தகுதிகள் அங்கே வரிசையாக வருகின்றன. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். இவற்றோடு, தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். வாடகைக்கோ பிறர் நிழலிலோ இருப்பவருக்கு ஓலை இல்லை. ஏரியையும் தோட்டத்தையும் நிர்வகிக்கிறவன் ஊரைவிட்டு ஓடிவிடக்கூடாது என்ற கணக்கு இதில் இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. பெண்களுக்கும், நிலமற்றோருக்கும், பிற சாதியாருக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஊரை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்பவர்கள் இந்த விலக்கை விரைவாகத் தாண்டிவிடுவது வழக்கம்.

அந்தச் சோழர்கால வீடு எதுவும் இன்று இல்லை. மண்ணும் மரமும் செங்கல்லும் அவ்வளவு காலம் நிற்பதில்லை. வடதமிழகத்து ஊர்களில் இன்று பழைய வீடு என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. ஆனால் நடு மண்டபமும், சுந்தரவரதப் பெருமாள், கைலாசநாதர், பாலசுப்பிரமணியர் கோயில்களும் தத்தம் இடத்திலேயே நிற்பதால், தெருவின் போக்கு வீட்டைவிட மூத்தது. பழைய மனையின்மேல் புதுவீடு, அது விழுந்தால் அதே மனையில் இன்னொன்று என்றுதான் ஊர் தொடர்ந்திருக்கிறது.

வாசலிலிருந்து கொல்லை வரை

மனை முகப்பில் குறுகியும் உள்ளே பல மடங்கு நீண்டும் இருக்கும். வாசல், திண்ணை, நடை என்கிற ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு, இரண்டாம் கட்டு, கிணறு, மாட்டுக்கொட்டகை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். வாசற்படியும் கொல்லைக்கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்; இரண்டையும் திறந்துவைத்தால் தெருவில் நிற்பவருக்குக் கொல்லை வெளிச்சம் தெரியும். காற்று அந்த வழியாகத்தான் வரும். பக்கச்சுவர்கள் அடுத்த வீட்டுக்கும் பொது என்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைக்கும் முற்றம் ஒன்றே வழி. நான்கு பக்கத் தாழ்வாரத்து நீரும் அங்கே விழுந்து, சிறு தூம்பு வழியாக வெளியேறும். மழைநாளில் கூரைவிளிம்பின் கீழ் அண்டாவும் தவலையும் வரிசையாக வைக்கப்படுவது, குடிநீர்க் குழாய் வருவதற்கு முன்பு வழக்கமாக இருந்தது.

திண்ணை வாசலின் இருபுறமும் இருக்கும். சில வீடுகளில் சுவரோரம் தலைவைக்கச் சாய்வாக ஒரு மேடு கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் படுத்துறங்க அது தலையணை. யார் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதில் சாதிக்கட்டு கடுமையாக இருந்தது. அக்ரகாரத் தெருவுக்குள்ளேயே வரமுடியாதவர்களும் ஊரில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டுத் திண்ணையின் விருந்தோம்பலைப் புகழ்வது அரைகுறை வரலாறு.

கூரை இரண்டு வகை. எளிய வீடுகளில் பனஞ்சட்டத்தின்மேல் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட அரைவட்ட ஓடு இது. ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் அடுக்கப்படும். அணிலும் குரங்கும் கலைத்துவிடும் என்பதால் மழைக்கு முன் ஓடு பிரித்து மேய்வது ஆண்டு வேலை. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் தட்டை ஓடு பரவி, கூரையின் முகமே மாறியது. வசதியுள்ள வீடுகளில் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள ஆச்சிக்கல் என்ற சிறு செங்கல்லைச் செங்குத்தாக, குறுக்குச்சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிடிக்கவைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். இரும்புக்கம்பி இல்லாமல் நூறாண்டு தாங்கும் தளம் அது.

வீட்டுக்காரர் செலவழித்த இடம் நிலை. உள்ளே எவ்வளவு எளிமையாக இருந்தாலும் வாசல்நிலையில் தாமரையோ கஜலட்சுமியோ செதுக்கியிருக்கும். நிலையின் இருபுறமும் சுவரில் விளக்கு வைக்கும் மாடம். புகையேறிய கருமை சுண்ணாம்பு அடித்தாலும் முழுதும் போகாது.

வரிசையின் அழகு

தனித்தனியாகப் பார்த்தால் இவை எளிய வீடுகள். செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்கும் வெளிநாட்டுக் கண்ணாடியும் இங்கே இல்லை. இவற்றின் அழகு சேர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது. ஒரே உயரத் திண்ணைகள், ஒரே மட்டத்தில் இறங்கும் கூரைவிளிம்பு, அளவொத்த இடைவெளியில் தூண்கள். பெருமாள் தேரிலோ பல்லக்கிலோ வரும்போது இரு பக்கத் திண்ணைகளும் பார்வையாளர் மேடையாகிவிடும். தெருவின் அகலம் சாமி புறப்பாட்டுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. வீடுகள் அதற்குள் அடங்கின.

அதனால்தான் ஒரு வீடு இடிந்தால் சேதம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பொதுச்சுவர் மழையில் திறந்துகிடக்கும், அடுத்த வீட்டு உத்திரம் இளகும். இடையில் நான்கு மாடிக் கான்கிரீட் எழும்போது பக்கத்து முற்றத்துக்கு வெயில் வருவதும் நின்றுவிடும்.

எப்படிக் குறைந்தன

இந்த வட்டாரத்து ஊர்களில் தொழில்வாரியாக எத்தனை வீடுகள் இருந்தன என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காக தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை கணக்கெடுத்தார். செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்கள் அதில் அடங்கும். மனையும் நிலமும் ஏரித்தண்ணீரில் பங்கும் மிராசு உரிமையாகப் பிணைந்திருந்த காலம் அது. இந்த மிராசு முறை பற்றிக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1818-இல் எழுதியது இன்றும் ஆய்வாளர்களின் கையேடு. அந்தப் பிணைப்பு தளர்ந்தபின், படித்த மிராசுதார்கள் சென்னையில் வக்கீலாகவும் அரசு ஊழியராகவும் குடியேறினார்கள். வீடு பூட்டப்பட்டது, பின் விற்கப்பட்டது. பாகப்பிரிவினையில் கூடத்தின் நடுவே சுவர் எழுந்த வீடுகளும் உண்டு. முற்றம் பாதியாகிவிட்டால் அந்த அமைப்புக்கு அர்த்தமில்லை.

பழுதுபார்க்கும் முறையும் கெடுத்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பொரிந்து, பூச்சு செங்கல்லோடு உதிரும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டதால் சிமெண்ட்டே எளிதாகக் கிடைக்கிறது.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில் திருநெல்வேலி வட்டாரத்து அக்ரகார வீடு ஒன்றும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் காட்சிக்கு உள்ளன. வீட்டின் உள்ளமைப்பைக் கற்க அது நல்ல இடம். தெருவை அங்கே கொண்டுபோக முடியாது.

உத்திரமேரூரில் சட்டம் ஒரு விநோத நிலையை உண்டாக்கியிருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கோயில் ஊரின் நடுவில் இருப்பதால் இந்த வட்டம் பழைய தெருக்களின் மேலேயே விழுகிறது. ஆனால் சட்டம் காப்பது கோயிலை. வட்டத்துக்குள் இருக்கும் பழைய வீட்டை இடிக்காதே என்று அது சொல்வதில்லை. 1992 ஜூன் 16-க்கு முன் இந்த 100 மீட்டர் தடைப்பகுதியில் எழுந்த வீடானால், அதைப் பழுதுபார்க்கத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெறலாம். விண்ணப்பத்தோடு மனைப் பத்திரமும் கட்டப்பட்ட காலத்துக்கான சான்றும் தேவைப்படும். பழைய வீட்டுக்கு வீட்டுவரி ரசீதும் பெயர்மாற்றப் பத்திரமும் தேடி எடுத்துவைப்பது, கூரையைப் பிரிக்கும் முன் உரிமையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை.